கழுத்து பிடித்துக்கொண்டால் முதல் 3 நாள்

காலையில் கண் விழிக்கும்போது தலையைத் திருப்ப முடியவில்லை, கொஞ்சம் அசைத்தாலே காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டை வரை சுரீரென்று இழுக்கிறது என்றால், அன்றைக்குச் செய்யவே கூடாத காரியம் ஒன்று இருக்கிறது. கழுத்தை யாரிடமும் நெட்டி முறிக்கக் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதை முதலில் சொல்லக் காரணம், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் "கழுத்து புடிச்சுக்கிச்சு" என்று வாய் திறந்ததுமே வருகிற யோசனை அதுதான். சலூனில் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சடக்கென்று ஒரு திருப்பு திருப்புவார்கள். ஒகேனக்கலுக்குப் போனால் எண்ணெய் தேய்த்துவிடும்போது கழுத்தையும் சேர்த்துச் சொடக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. ஊரில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் இருப்பார். கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்று பாட்டி சொல்வார். இத்தனை பேரில் யாரிடம் போனாலும் பெரும்பாலோருக்கு நாலைந்து நாளில் சரியாகிவிடுகிறது. சரியானது அவர்கள் கையால் அல்ல. சாதாரணக் கழுத்துப் பிடிப்பு எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே விட்டுவிடும் என்பதால்தான்.

முறிப்பதில் என்ன ஆபத்து என்றால், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்து எலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. தலையை வேகமாகத் திருப்பும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். அப்படி நடப்பது அரிதுதான். ஆனால் நடந்தால் வருவது பக்கவாதம், அதுவும் இளம் வயதிலேயே. தானாக விடப்போகிற ஒரு வலிக்காக அந்த ஆபத்தை ஏற்கவே கூடாது.

எனக்கு இது வந்தது ஓசூரில் தனி அறையில் இருந்தபோது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே முடியாத அந்த முதல் நாளின் பயத்தை இன்னும் மறக்கவில்லை. கை கால் வராமல் போய்விடுமோ, வேலைக்கு என்ன சொல்வது, யாரைக் கூப்பிடுவது என்று மனம் எங்கெங்கோ போனது. தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்தால் கண்ணில் நீர் வந்துவிடும். ஊசி, எக்ஸ்-ரே, கழுத்துப் பட்டை, விதவிதமான தைலங்கள் என்று ரூ.4,000-க்கு மேல் போனது, சம்பளப் பிடித்தம் தனி. அதில் உண்மையில் தேவைப்பட்டது ரூ.100-க்குள் அடங்கும் என்பது பிறகு அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவில் பொறுமையாக எடுத்துச் சொல்லப்பட்டபோதுதான் தெரிந்தது. இதையெல்லாம் அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பிடித்துக்கொள்வது நரம்பு அல்ல, பெரும்பாலும் தசை. கழுத்தில் 7 எலும்புகள். மேலே இருக்கும் நாலு எலும்புகளிலிருந்து தோள்பட்டைப் பலகையின் உள்பக்க மேல் மூலைக்கு ஒரு தசை இறங்குகிறது. தோளைத் தூக்குவதற்கும் கழுத்தைச் சாய்ப்பதற்கும் உதவுவது அதுதான். கழுத்துப் பிடிப்பு என்று வருகிறவர்கள் பலர் விரலை வைத்துக் காட்டும் இடமும் அந்த மூலைதான். எலும்புகளுக்கு நடுவே உள்ள சின்ன மூட்டு ஒன்று உரசிப் புண்பட்டாலோ, தசை நெடுநேரம் ஒரே நிலையில் இழுபட்டாலோ, அந்த இடத்தை அசையவிடாமல் காக்கச் சுற்றியுள்ள தசைகள் எல்லாம் இறுகிக்கொள்ளும். இறுகிய தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், அதனால் வலி கூடும், வலியால் இன்னும் இறுகும். இந்தச் சுற்றை அறுப்பதற்குச் சூடும் மெல்லிய அசைவும் போதும். "வாயு புடிச்சிருக்கும்பா, பூண்டு தின்னு" என்பார்கள். பூண்டு தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் வயிற்றுக் காற்று கழுத்துக்கு ஏறி உட்காராது.

வலி காலையில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் முந்தைய நாளில் இருக்கும். தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அதை எலும்புகள் தாங்குகின்றன. குனியக் குனிய அந்தப் பாரம் பின்கழுத்துத் தசைக்கு மாறுகிறது. 60 பாகை (டிகிரி) அளவுக்குக் குனிந்தால் கழுத்தில் விழும் சுமை 27 கிலோ அளவுக்குப் போகும் என்று ஒரு கணக்கீடு இருக்கிறது. செல்போன் பார்ப்பவர்களுக்காக இதைச் சொல்வார்கள். ஆனால் நம் பக்கத்தில் இதை உண்மையில் சுமக்கிறவர்கள் புளி தட்டும் பெண்கள். தை, மாசி தொடங்கினால் சித்திரை வரைக்கும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஓடு உடைத்து, நாரெடுத்து, கொட்டை நீக்கி, நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வேலை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கொட்டை தட்டும் கல்லையோ பலகையையோ முக்கால் அடி, ஒரு அடி உயர்த்தி வையுங்கள். இரண்டு பக்கமும் அந்த உயரத்துக்குச் செங்கல் அடுக்கி ஒரு பலகை போட்டாலும் போதும். குனிவு குறையும். அரைமணிக்கு ஒரு தடவை கையைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பின்பக்கமாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள்.

மாங்காய்ப் பருவத்தில் இதற்கு நேர் எதிர். அண்ணாந்தபடியே கோலால் பறிப்பதில் எலும்புகளின் பின்பக்க மூட்டுகள் ஒன்றோடொன்று நசுங்கும். மரத்தடியில் நேர் கீழே நிற்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, கோலைச் சாய்த்துப் பிடித்தால் அவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. மருந்து அடிக்கும் 16 லிட்டர் டேங்க்கை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதும், இரண்டு வாரும் ஒரே நீளமாக இல்லாததும், கைப்பிடியை எப்போதும் ஒரே கையால் அடிப்பதும் ஒரு பக்கக் கழுத்தைக் கெடுக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிப் பேசுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கழுத்துக்கு முன்னால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது பஸ். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஊருக்கு வருகிறவர்களில் பலருக்குக் கழுத்துப் பிடிப்பு பஸ்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. உட்கார்ந்தபடி தூங்கும்போது கழுத்துத் தசைகள் தளர்ந்துவிடும், தலை தொங்கும், வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கும்போது தசை திடீரென்று இழுபடும். சன்னல் காற்றுதான் காரணம் என்பார்கள். குளிர்காற்று தசையைக் கொஞ்சம் இறுக்கலாம், ஆனால் பெரிய குற்றவாளி தலை தொங்குவதுதான். ஒரு குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து இறுக்கமாகச் சுருட்டி, கழுத்தைச் சுற்றிப் போட்டு முனைகளை முன்பக்கம் தளர்வாகச் செருகுங்கள். தாடை அந்தச் சுருளின் மேல் உட்கார வேண்டும், தொண்டையை அழுத்தக் கூடாது. கடையில் ரூ.300, 400 கொடுத்து வாங்கும் காற்றடைத்த தலையணை செய்வதைத்தான் இதுவும் செய்கிறது.

இனி, பிடித்துவிட்ட நாளில் என்ன செய்வது. எழுந்திருப்பதிலேயே பலர் வலியை இரண்டு மடங்காக்கிக்கொள்கிறார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது தலையைத் தூக்கி எழாதீர்கள். முழங்காலை மடக்கி, தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாக உருள ஒரு பக்கமாகத் திரும்பி, கால்களைக் கட்டிலிலிருந்து கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். பாயில் படுப்பவர்கள் பக்கவாட்டில் திரும்பி முதலில் முட்டி போட்டு எழ வேண்டும். தலைக்கு ஒரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிறகு வெந்நீர். கை பொறுக்கும் சூட்டில், பின்கழுத்திலும் தோளிலும் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் ஊற்றுங்கள். தண்ணீரில் இரண்டு கைப்பிடி நொச்சி இலையோ புளிய இலையோ போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுவது நம் பக்கப் பழக்கம். சூடும் வாசமும் சேர்ந்து உடம்பைத் தளர்த்தும். அதன் பிறகு ஒத்தடம். கல் உப்பு இரண்டு கைப்பிடி எடுத்து வெறும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் மூன்று நாலு நிமிடம் வறுத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதில் மூட்டையாகக் கட்டுங்கள். உடனே கழுத்தில் வைக்காதீர்கள், ஒரு நிமிடம் விட்டு முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பொறுக்கும் சூடுதான் கழுத்துக்கும் சரி. என்னைக் கேட்டால் உப்பை விடக் கொள்ளு நல்லது. நம் மாவட்டங்களில் கொள்ளு இல்லாத வீடு குறைவு. கால் கிலோ கொள்ளை வாசம் வரும் வரை வறுத்து, தளர்வாகக் கட்டினால் மூட்டை வளைந்து கழுத்தின் குழிவில் அப்படியே படிந்து உட்காரும். உப்பு சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். கொள்ளின் சூடு மிதமாக நெடுநேரம் நிற்கும். அதே கொள்ளைத் தீய்ந்த வாசம் வரும் வரை திரும்பத் திரும்ப வறுத்துப் பயன்படுத்தலாம். ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. தூங்கும்போது ஒத்தடத்தை வைத்தபடி தூங்கிவிடாதீர்கள். பஸ் பிரேக் அடித்த குலுக்கலில் வந்த வலி என்றால் முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலி நிவாரணக் களிம்போ தைலமோ தடவிய இடத்தின் மேல் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்து கொப்புளம் போடலாம். பலருக்கு இது நடக்கிறது. ஒத்தடம் முதலில், தோல் ஆறிய பிறகு தைலம். வீட்டிலேயே செய்ய வேண்டுமானால் 50 மி.லி. நல்லெண்ணெயை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்து இறக்கிவைத்த பிறகு பொடித்த கற்பூரம் அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். அடுப்பு எரியும்போது போட்டால் கற்பூரம் பற்றிக்கொள்ளும். கற்பூரத்தை விழுங்கினால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும், எனவே பாட்டிலை உயரத்தில் வையுங்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தவிர்த்துவிட்டு வெறும் நல்லெண்ணெயே போதும். தேய்ப்பது காதுக்குப் பின்னாலிருந்து தோள் நோக்கிக் கீழ்முகமாக, விரல்களைப் படுக்கவைத்து, மெல்ல ஐந்து நிமிடம். முன்கழுத்தில், குரல்வளையின் இரு பக்கமும் தேய்க்கவோ அழுத்தவோ வேண்டாம், அங்கே ஓடுவது மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்.

மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் 650 மி.கி. ஒன்று, சாப்பிட்ட பிறகு. அடுத்ததற்கு 6 மணி நேரம் இடைவெளி. நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மருந்துக்கடையில் "கழுத்து வலி" என்று சொன்னால் டைக்ளோபினாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையைத் தருவது வழக்கம். அதோடு தனியாகப் பாராசிட்டமாலையும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டைக்ளோபினாக் வகை ஆகாது. தசை தளர்த்தும் மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

வலிக்கிறதே என்று கழுத்தை அசைக்காமல் இரண்டு மூன்று நாள் விறைப்பாக வைத்திருப்பதுதான் வலியை இழுத்தடிக்கும். கழுத்துப் பட்டையும் அப்படித்தான். ரூ.300, 400 கொடுத்து வாங்கி நாள் முழுக்கப் போட்டால் தசை சோம்பிப்போய்க் கழற்றும்போது வலி திரும்ப வரும். சாதாரணப் பிடிப்புக்கு அது தேவையே இல்லை. முதல் நாளே அசைவைத் தொடங்கலாம், படுத்தபடி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையணையில் தலை பதிந்தபடியே முகத்தை இடது பக்கம், வலது பக்கம் உருட்டுங்கள். வலி தொடங்கும் இடம் வரை போய்த் திரும்பிவிட வேண்டும், தாண்டக் கூடாது. பத்துத் தடவை, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை. படுத்திருக்கும்போது தலையின் பாரம் தசைக்கு இல்லாததால் உட்கார்ந்தபடி முடியாதது இதில் முடியும். அடுத்து, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, முகத்தை மேலே கீழே ஆட்டாமல் தாடையை மட்டும் நேராகப் பின்னுக்கு இழுங்கள். கழுத்தின் பின்பக்கம் நீளுவது தெரியும். 5 வினாடி வைத்து விடுங்கள், பத்துத் தடவை.

மூன்றாம் நாள் வாக்கில் வலி கொஞ்சம் இறங்கியதும் அந்தத் தோள்பட்டைத் தசையை நீட்ட வேண்டும். வலது பக்கம் வலி என்றால், வலது கையால் நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தை இடது பக்கம் பாதியளவு திருப்பி, இடது அக்குளைப் பார்ப்பதுபோல் குனியுங்கள். இடது உள்ளங்கையைப் பின்தலையில் சும்மா வையுங்கள், இழுக்க வேண்டாம், கையின் எடையே போதும். 20 வினாடி, மூன்று தடவை. இழுவை தெரிய வேண்டும், குத்தல் வரக் கூடாது. வலி நன்றாகக் குறைந்த பிறகு நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை நகராமல் தலையும் கையும் ஒன்றையொன்று தள்ளும்படி 5 வினாடி அழுத்துங்கள். அதேபோல் பின்தலை, இரண்டு பக்கம். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றும் பயிற்சியை விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்ததுதான், ஆனால் புண்பட்ட மூட்டை அது நசுக்கும்.

இரவில் குப்புறப் படுப்பதை நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கில் கழுத்து ஒரு பக்கம் முழுதாகத் திரும்பியே கிடக்கும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தலை அழுந்திய பிறகு தலையணையின் உயரம் காதுக்கும் தோளின் முனைக்கும் உள்ள தூரம் இருக்க வேண்டும், பலருக்கு அது நாலைந்து அங்குலம். மல்லாந்து படுப்பவர்களுக்கு அதில் பாதி போதும். இரண்டு தலையணையை அடுக்குவது யாருக்கும் ஆகாது. தலையணை உறைக்குள் கீழ் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தால் கழுத்தின் குழிவுக்கு முட்டுக் கிடைக்கும். சரியாக இருக்கிறதா என்று தனியாக இருப்பவர்கள் செல்போனை நிறுத்திவைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒருக்களித்திருக்கும்போது மூக்கு, தொண்டைக்குழி, நெஞ்சின் நடு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இலவம் பஞ்சுத் தலையணை ஒரு பக்கம் கட்டிதட்டிப்போயிருந்தால் வெயிலில் போட்டுத் தட்டிப் பிரித்துவிடுங்கள், அப்படியும் சமமாகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்-ரே பற்றியும் ஒரு வார்த்தை. அடிபடாமல், கையில் மரத்துப்போகாமல், காய்ச்சல் இல்லாமல் வந்த புதுப் பிடிப்புக்கு அது ஒன்றும் காட்டாது. தசை இறுக்கம் எக்ஸ்-ரேயில் தெரியாது. 40 வயதைத் தாண்டிய பலருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும் கூட, 'தேய்மானம்' தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்து தூக்கம் கெட்டவர்கள் நிறைய. முடி நரைப்பதைப் போலத்தான் அது.

ஆனால் வீட்டு வைத்தியத்தை அப்படியே விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்கள் உண்டு. காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தியோடு தாடையை நெஞ்சில் தொட முடியாமல் கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், குழந்தை என்றால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. வண்டியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்த பிறகு வலி என்றால் கழுத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்து, தாடை, இடது கை வலியோடு வேர்த்துக்கொட்டினால் அது இதயமாக இருக்கலாம். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல் வந்தால், அதுவும் கழுத்தை முறித்த பிறகு வந்தால், உடனே ஓட வேண்டும். காலில் ஆணி குத்தியோ மண் பட்ட காயமோ இருந்து, வாய் திறக்க முடியாமல் கழுத்து விறைத்தால் தசைவிறைப்பு ஜன்னியாக (டெட்டனஸ்) இருக்கலாம். வாந்தி நிற்க ஊசியோ மாத்திரையோ போட்ட மறுநாளுக்குள் கழுத்து தானாக ஒரு பக்கம் கோணிக்கொண்டால் அது மருந்தின் விளைவு, ஆஸ்பத்திரியில் ஒரு ஊசியில் சரிசெய்வார்கள், மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோடு கழுத்துக் கோணினால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காதீர்கள், காட்டுங்கள். கையில் மின்சாரம் பாய்வதுபோல் வலி, விரல் மரத்தல், சட்டைப் பொத்தானைப் போட முடியாத தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்படாமை இருந்தால் நரம்போ தண்டுவடமோ அழுந்துகிறது. இரவில் படுத்தாலும் அடங்காத வலியோடு எடை குறைந்துகொண்டே வந்தால் காசநோய் உட்படப் பார்க்க வேண்டியவை உண்டு.

இவை எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வாரம் ஆகியும் விடவில்லை என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம், இயன்முறை மருத்துவத்துக்கு அங்கிருந்தே அனுப்புவார்கள். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது எந்தப் பக்கம் திரும்பினால் வலி, கைக்கு இறங்குகிறதா, எந்த வேலையில் கூடுகிறது, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள் என்ற நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வண்டியை எப்போது எடுக்கலாம் என்பதற்கு ஒரு சோதனை போதும். நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்பைத் திருப்பாமல், தாடை இரண்டு தோளுக்கும் நேராக வரும் அளவுக்குத் தலை திரும்ப வேண்டும். அது வரும் வரை வண்டிச் சாவியைத் தொடாமல் டவுன் பஸ்ஸிலேயே போய்வாருங்கள். பக்கவாட்டில் வரும் லாரியைப் பார்க்கத் திரும்ப முடியாத கழுத்தோடு தொப்பூர் இறக்கத்திலோ ஓசூர் சாலையிலோ ஓட்டக் கூடாது.